அம்மாவுக்கு ஒரு மைக்!

எனக்கும் மைக்குக்கும் ஆறு மாதம் முன்பு வரை இருந்த சம்பந்தம் ஒன்றே ஒன்றுதான். எங்கள் தெருப் பிள்ளையார் கோயில் திருவிழாவில் காலை ஐந்து மணிக்கு அது என்னை எழுப்பும். நான் அதைத் திட்டுவேன். அதோடு சரி!

அப்படிப்பட்ட அடியேன் இன்றைக்கு ஆபீஸில் ‘மைக் நிபுணர்’. காதலிக்குக் கவர் ஸாங் பாடி அனுப்பத் துடிக்கும் ஜூனியர் பையன்கள் எல்லாம் லஞ்ச் டயத்தில் என் டேபிளைச் சுற்றி நிற்கிறார்கள். ‘ஸார், கன்டென்ஸர் வாங்கட்டுமா, டைனமிக் வாங்கட்டுமா?’

எல்லாம் அம்மாவின் தொண்டையில் ஆரம்பித்தது.

கழுத்தில் சின்னதாக ஒரு வீக்கம். தைராய்டு கட்டி. ‘பயப்பட ஒண்ணுமில்லே, ஆனா எடுத்துடறது நல்லது’ என்றார் டாக்டர். தேதியும் குறித்தார். நாங்கள் எழுந்திருக்கும் சமயத்தில் சாதாரணமாக ஒரு வார்த்தை சொன்னார்: ‘குரலுக்குப் போற நரம்பு அதை ஒட்டித்தான் போகுது. ஜாக்கிரதையாத்தான் பண்ணுவோம். சில பேருக்குக் கொஞ்ச நாள் குரல் கம்மும். ரொம்பச் சில பேருக்கு அப்படியே தங்கிடறதும் உண்டு. அம்மா பாடறவங்களா?’

‘அதெல்லாம் இல்லீங்க’ என்றாள் அம்மா.

பொய். அம்மா மேடை ஏறிப் பாடியவள் இல்லைதான். ஆனால் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாட்டியிடமிருந்து வந்த ஒரு தாலாட்டு அவளிடம் இருக்கிறது. பதினாலு அடி. எந்தப் புத்தகத்திலும் இல்லை, எந்த நோட்டிலும் எழுதி வைக்கவில்லை. நானும் என் தங்கையும் அதில்தான் தூங்கினோம். தங்கை இப்போது புனேயில், ஏழு மாதம். விஷயம் தெரிந்ததும் அன்றிரவே போன்.

‘அண்ணா, ஆபரேஷனுக்கு முன்னாடி அந்தப் பாட்டை ரெக்கார்டு பண்ணிடேன். நல்லா பண்ணு. ஒரு தடவைதான் சான்ஸ்.’

காலண்டரைப் பார்த்தேன். பதினெட்டு நாள்.

கீரைக்காரியின் ஆல்பம்

ஒரு நல்ல ஆபீஸ் ஊழியன் என்ன செய்வானோ அதைச் செய்தேன். ஆபீஸ் நேரத்தில் இன்டர்நெட்டில் தேடினேன்! ‘ஸ்டூடியோ க்வாலிட்டி’ என்று போட்டு, தங்க நிறத்தில் ஒரு கன்டென்ஸர் மைக். கூடவே மடங்கும் கை, சிலந்தி வலை மாதிரி ஒரு தொங்கல், ஸ்பாஞ்சுத் தொப்பி. விலை மூன்று வேளை ஹோட்டல் சாப்பாட்டுக்குக் குடும்பத்தோடு போய் வருகிற மாதிரி. ஆர்டர் பண்ணிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஹாலில் செட்டப். அம்மா சோபாவில். மைக், கௌரவமாக இரண்டடி தள்ளி. பாடி முடித்தாள். ஹெட்போனை மாட்டிக் கேட்டேன்.

சீலிங் ஃபேன் கேட்டது. ஃப்ரிட்ஜ் கேட்டது. அடுப்படியில் குக்கர் மூன்று விசில். எங்கள் வீடு நங்கநல்லூர். மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானம் ஒன்று ஹாலுக்குள்ளேயே இறங்கியது. மாடி வீட்டு மாமாவின் இருமல். இத்தனைக்கும் நடுவில், கிணற்றுக்குள்ளிருந்து பாடுவது போல் எங்கோ அம்மா.

அம்மாவும் கேட்டாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, ‘நல்லாத்தான்டா இருக்கு. கீரைக்காரி குரல் எவ்ளோ தெளிவா விழுந்திருக்கு பாரு!’ என்றாள்.

பதினாறு நாள் பாக்கி.

சவுண்டு ஸார் சொன்ன ரகசியம்

எங்கள் அக்கவுன்ட்ஸ் பிரிவில் ஒருவர் இருக்கிறார். வாரத்தில் ஐந்து நாள் வவுச்சர் பார்ப்பார். சனி, ஞாயிறு கல்யாண ரிசப்ஷன்களில் மெல்லிசைக் குழுவுக்கு சவுண்டு பார்ப்பார். ஆபீஸில் அவர் பெயரே ‘சவுண்டு ஸார்’. டீக்கடையில் என் ரெக்கார்டிங்கைக் கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றினார்.

‘மைக்கைத் திட்டாதீங்க. அது ஒழுங்கா வேலை செஞ்சிருக்கு. உங்க ஹால்ல என்ன இருந்ததோ அதைக் கொடுத்திருக்கு. பாடினது உங்க அம்மா இல்லே, உங்க ஹால்!’

பிறகு பாடம் நடத்தினார். டீ ஆறிப்போனதுதான் மிச்சம் என்று நினைக்காதீர்கள். கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மைக்கில் முக்கியமாக இரண்டு ஜாதி. டைனமிக் என்பது ஸ்பீக்கரைத் திருப்பிப் போட்ட மாதிரி. ஒரு சின்னத் தகடு, அதில் ஒட்டிய கம்பிச் சுருள், சுற்றிலும் காந்தம். குரல் பட்டால் சுருள் ஆடும், கரன்ட் பிறக்கும். முரட்டு ஆசாமி. கீழே விழுந்தாலும் தூசியைத் தட்டிவிட்டுப் பாடலாம். வெளிக் கரன்ட் வேண்டாம்.

கன்டென்ஸர் நுணுக்கமான ஆசாமி. மெல்லிய சவ்வு ஒன்று, அதன் பின்னால் ஒரு தட்டு. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி மாறும்போது சிக்னல் வருகிறது. அமெரிக்காவில் ஈ.ஸி. வென்டி 1916-லேயே கண்டுபிடித்த விஷயம். மூச்சு இழுப்பது, உதடு பிரிவது வரை பிடித்துவிடும். இதற்கு மின்சாரம் ஊட்ட வேண்டும். பெரும்பாலான ஸ்டூடியோ மைக்குகளுக்கு 48 வோல்ட்.

அதென்ன கணக்கு, நாற்பத்தெட்டு? 1966-ல் ஜெர்மனியின் நியூமன் கம்பெனி நார்வே ரேடியோவுக்கு மைக் செய்து கொடுத்தது. அங்கே அவசர விளக்குகளுக்காக ஏற்கெனவே 48 வோல்ட் லைன் ஓடிக்கொண்டிருந்தது. ‘அதிலேயே மைக்கையும் ஓட்டிவிடலாமே!’ என்றார்கள். உலகம் முழுக்க அதுவே நிலைத்துவிட்டது. எல்லா ஊரிலும் ‘அட்ஜஸ்ட்’ பண்ணுகிறார்கள் ஸார்!

‘அப்ப கன்டென்ஸர்தானே உசத்தி?’ என்றேன்.

‘நல்ல ரூம்ல உசத்தி. உங்க ஹால்ல உபத்திரவம்.’

டெசிபல் கணக்கு

மைக் பெட்டியில் ‘ஸெல்ஃப் நாய்ஸ்’ என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். மைக் தானாகவே எழுப்பும் இரைச்சல். ஆடியோ டெக்னிகா ஏடி2020 என்கிற பிரபலமான கன்டென்ஸருக்கு அது 20 டெசிபல். ரோட் என்டி1-க்கு வெறும் 4. விலையும் அதற்கேற்ப எகிறும். ஆஹா, 4 வாங்கலாமே என்று கை பரபரக்கும்.

நில்லுங்கள். ஃபேன் ஓடுகிற அறையின் சத்தமே 40 டெசிபலைச் சுலபமாகத் தாண்டும். அந்த இரைச்சலில் 20 என்ன, 4 என்ன? சந்தைக் கூட்டத்தில் நின்றுகொண்டு ரகசியம் பேசுகிற கதை. ஃபேனை நிறுத்தினால் கிடைக்கிற லாபம், கூடுதலாகப் பல ஆயிரம் கொடுத்தாலும் கிடைக்காது. ஃபேனை நிறுத்த ஆகும் செலவு? வியர்வை!

அடுத்தது தூரம். இதுதான் தலையாய பாடம். மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் குரல் சுமார் 6 டெசிபல் ஏறும். ஃபேன் சத்தம் அதே இடத்தில் நிற்கும். நாற்பது சென்டிமீட்டரிலிருந்து பத்துக்கு வந்தால் 12 டெசிபல் சுத்த லாபம். ஒரு பைசா செலவில்லை.

‘டைனமிக் வெளிச் சத்தத்தை எடுக்காதுன்னு சொல்வாங்க. பாதிதான் உண்மை’ என்றார் சவுண்டு ஸார். ‘அதை வாய்கிட்ட வெச்சுப் பாடறோம், அதனால குரல் பெரிசா விழுது, மத்தது சின்னதாயிடுது. டைனமிக்கை ரெண்டடி தள்ளி வெச்சா அதுவும் கீரைக்காரியைத்தான் பாட வைக்கும்.’

ஆனால் ஒட்டிப் பாடுவதில் இரண்டு தொல்லை உண்டு. ஒன்று, ரொம்ப நெருங்கினால் குரலின் அடிப்பகுதி வீங்கிக்கொள்ளும். மென்குரல் ஆசாமியும் எஃப்.எம். அறிவிப்பாளர் ஆகிவிடுவார். இரண்டு, ‘ப’ வரும்போதெல்லாம் காற்று ‘டுப்’ என்று மோதும். ‘பாப்பா’ என்று பாடினால் இரட்டைக் குண்டு! அதற்குத்தான் பாப் ஃபில்டர். வாங்க வேண்டாம். எம்பிராய்டரி வளையத்தில் பழைய நைலான் சாக்ஸை இழுத்து மாட்டி மைக்குக்கு முன்னால் நிறுத்துங்கள். மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் சற்றே ஓரமாகத் திருப்பி வைத்தால் பாதித் தொல்லை போச்சு.

‘மைக்கேல் ஜாக்ஸனுக்கே போதும்!’

‘இருந்தாலும் டைனமிக்னா மேடை மைக்தானே...’ என்று இழுத்தேன்.

சவுண்டு ஸாருக்குக் கோபம் வந்துவிட்டது. 1982-ல் வெளிவந்து உலகத்தையே ஆட்டிய ‘த்ரில்லர்’ ஆல்பத்தில் மைக்கேல் ஜாக்ஸன் குரலுக்கு இன்ஜினீயர் ப்ரூஸ் ஸ்வீடியன் பயன்படுத்தியது ஷ்யூர் எஸ்எம்7. அது டைனமிக்! லட்சக்கணக்கில் விலையுள்ள கன்டென்ஸர்களும் இருக்கிற ஸ்டூடியோவில்தான் அவர் இதை எடுத்தார். ‘மைக்கேல் ஜாக்ஸனுக்கே போதும். உங்க அம்மாவுக்குப் போதாதா?’

அதே ஷ்யூரின் எஸ்எம்58, 1966-ல் வந்தது. மேடைகளில் பாடகர் கையில் பந்து மாதிரி கம்பி வலையோடு பார்க்கிறீர்களே, அதன் மூல விக்ரகம். ‘எஸ்எம்’ என்றால் ஸ்டூடியோ மைக்ரோபோன் என்று அர்த்தம். ஸ்டூடியோவுக்குப் பிறந்து மேடைக்குப் போன பிள்ளை!

வீட்டு ரெக்கார்டிங் என்றால் இளப்பமாக நினைக்க வேண்டாம். பில்லி ஐலிஷ் என்கிற அமெரிக்கப் பெண்ணின் 2019 ஆல்பம், அவள் அண்ணனின் படுக்கையறையில் உருவானது. 2020-ல் அதற்கு கிராமி விருது. நம்ம ஊரில் ஏ.ஆர். ரஹ்மான் வீட்டுக் கொல்லையில் ஸ்டூடியோ கட்டியது 1989-ல். ‘ரோஜா’ வந்தது 1992-ல். என்ன, அவர் ஹாலில் குக்கர் விசில் அடித்திருக்காது.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு சனிக்கிழமை

மவுண்ட் ரோடை ஒட்டிய ரிச்சி ஸ்ட்ரீட். எலக்ட்ரானிக்ஸ் சாமான் வாங்குகிறவர்களின் திருப்பதி. நெரிசலும் அதே அளவு. முதல் கடையில் எஸ்எம்58 கேட்டேன். ‘ஒரிஜினலா, ஒரிஜினல் மாதிரியா?’ என்று நேர்மையாகக் கேட்டார் கடைக்காரர். அந்த நேர்மை எல்லா இடத்திலும் இருக்காது. இந்த மைக்குக்கு உலகம் பூராவும் போலி உண்டு. அசல் கிட்டத்தட்ட 300 கிராம். போலி பெரும்பாலும் லேசு. ஊர் விலையில் கால் பங்குக்குக் கிடைக்கிறதென்றால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். பில்லும் வாரன்டியும் கேட்டு வாங்குங்கள்.

எஸ்எம்58 மாதிரி மைக்கைக் கம்ப்யூட்டரில் நேரே செருக முடியாது. நடுவில் ‘ஆடியோ இன்டர்ஃபேஸ்’ என்று ஒரு பெட்டி வேண்டும். மைக் விலைக்குச் சமமாக அதற்கும் அழ வேண்டியிருக்கும். மாதக் கடைசி. மனைவியின் முகம் மனக்கண்ணில் வந்தது.

அப்போது சவுண்டு ஸார் காட்டியது, இரட்டைப் பிறவி மைக். டைனமிக்தான். ஆனால் அதன் அடியில் யூஎஸ்பி சாக்கெட்டும் உண்டு, மேடைக்கான மூன்று பின் எக்ஸ்எல்ஆரும் உண்டு. இன்றைக்கு லேப்டாப்பில் செருகலாம். நாளைக்குக் காசு வந்தால் இன்டர்ஃபேஸ் வாங்கி அதே மைக்கை அதில் மாட்டலாம். ஹெட்போனை மைக்கிலேயே செருகித் தன் குரலைத் தாமதமில்லாமல் கேட்கலாம். சாம்ஸன் க்யூ2யூ, ஆடியோ டெக்னிகா ஏடிஆர்2100எக்ஸ் எல்லாம் இந்த ரகம். அதில் ஒன்றை வாங்கினேன்.

உங்கள் பர்ஸுக்கு எது?

● கையில் காசே இல்லை: உங்கள் செல்போனே போதும். குரலுக்கு ஒரு சாண் தூரத்தில், சத்தமில்லாத அறையில் வைத்துப் பாடுங்கள். சத்தமுள்ள ஹாலில் தங்க நிற மைக் கொடுப்பதைவிட நன்றாக இருக்கும். அனுபவஸ்தன் சொல்கிறேன்.

● கொஞ்சம் காசு, சத்தமுள்ள வீடு: யூஎஸ்பி, எக்ஸ்எல்ஆர் இரண்டும் உள்ள டைனமிக். இன்டர்ஃபேஸ் செலவு மிச்சம்.

● ஏற்கெனவே இன்டர்ஃபேஸ் இருக்கிறது: எஸ்எம்58. பட்ஜெட் இடிக்கிறதா? பெரிங்கர் எக்ஸ்எம்8500, எஸ்எம்58-ஐவிடக் கணிசமாக மலிவு. முதல் மைக்குக்கு நல்ல தேர்வு. டைனமிக்குக்குச் சிக்னல் சிறிசு. இன்டர்ஃபேஸில் கெய்ன் குமிழைத் தாராளமாகத் திருப்ப வேண்டியிருக்கும், பயப்படாதீர்கள்.

● அமைதியான அறை, மென்மையான குரல்: இப்போது வாங்குங்கள் கன்டென்ஸர். ஏடி2020-லிருந்து ஆரம்பிக்கலாம்.

● எதை நம்பக் கூடாது: ‘ஸ்டூடியோ க்வாலிட்டி’ என்கிற எழுத்து, மைக்கோடு வரும் இலவச சாமான்களின் எண்ணிக்கை, மைக்கின் நிறம். அப்புறம், சுவரில் முட்டை அட்டை ஒட்டினால் வெளிச் சத்தம் வராது என்கிற ஐதீகம். வரும். கூடவே கரப்பானும் வரும்.

சாவி எங்கே?

அறையை எப்படிச் சோதிப்பது? நடுவில் நின்று ஒரு தடவை பலமாகக் கை தட்டுங்கள். தட்டிய பிறகும் ‘ட்ர்ர்ங்’ என்று வால் நீண்டால் அது வெற்றுச் சுவர்களின் வேலை. எங்கள் ஹாலில் அந்த வால் வாசல் வரை போயிற்று. படுக்கையறையில், துணி பீரோவைத் திறந்து வைத்து அதன் முன்னால் தட்டினேன். ‘டப்’. அவ்வளவுதான். தொங்குகிற சேலைகள் எதிரொலியை விழுங்கிவிட்டன. எதிர்ப்பக்கம் மெத்தையை நிமிர்த்திச் சாய்த்தேன். கொடி கட்டி இரண்டு ஜமுக்காளம். ஸ்டூடியோ ரெடி!

ஆபரேஷனுக்கு நாலு நாள் முன்பு, விடியற்காலை நாலரை மணி. ஃபேன் ஆஃப். ஃப்ரிட்ஜ் ஆஃப். ஃப்ரிட்ஜை நிறுத்தினால் திரும்பப் போட மறந்துபோகும், பால் கெட்டுவிடும். அதற்கு சவுண்டு ஸார் சொன்ன யோசனை: வீட்டுச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். சாவி இல்லாமல் ஆபீஸ் கிளம்ப முடியாதே!

லேப்டாப்பில் ஆடாஸிட்டி என்கிற இலவச சாஃப்ட்வேர். அம்மா உரக்கப் பாடும்போது மீட்டர் மைனஸ் 12-லிருந்து மைனஸ் 6-க்குள் நிற்கிற மாதிரி வைத்துக்கொண்டேன். சிவப்பைத் தொட்டால் குரல் கிழியும். கிழிந்ததைத் தைக்க முடியாது.

எல்லாம் தயார். அம்மா பாடவில்லை.

‘யாருக்குடா பாடறது? இந்தக் கம்பிக்கா?’

எனக்கு இது தோன்றவே இல்லை. மைக், தூரம், டெசிபல் எல்லாம் படித்தவன், தாலாட்டுக்கு ஒரு குழந்தை வேண்டும் என்பதை மறந்துவிட்டேன். என் மனைவி எழுந்து போனாள். தூக்கக் கலக்கத்தில் இருந்த எங்கள் ஆறு வயசுப் பையனைத் தூக்கி வந்து அம்மா மடியில் போட்டாள். அம்மா அவன் முதுகில் தட்ட ஆரம்பித்தாள். பாட்டு தானாக வந்தது.

ஏழாவது அடியில் ஒரு விமானம். நிறுத்தச் சொல்லிக் கை காட்டினேன். அம்மா என்னைக் கவனிக்கவே இல்லை. பதினாலு அடியும் பாடி முடித்தாள். விமானம் போனதும் அந்த ஓர் அடியை மட்டும் மறுபடி பாடச் சொல்லி எடுத்துக்கொண்டேன். பையன் குறட்டை.

ரெக்கார்டிங்கைக் கேட்ட சவுண்டு ஸார், ‘அடியில டொம் டொம்னு ஒரு சத்தம் வருதே, லோ கட் போட்டு எடுத்துடவா?’ என்றார்.

‘வேண்டாம் ஸார். அது முதுகுல தட்டறது.’

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, ‘வேண்டாம். இருக்கட்டும்’ என்றார்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. கட்டியில் வேறு வில்லங்கம் எதுவும் இல்லை. புனேயில் பெண் குழந்தை. தினமும் ராத்திரி தொட்டில் பக்கத்தில் அந்த ரெக்கார்டிங்தான். அம்மாவின் குரல்? பேச்சுக்குக் குறையில்லை. ஆனால் பழைய உச்சிக்குப் போக மாட்டேன் என்கிறது. போகப் போகச் சரியாகலாம், பார்க்கலாம் என்கிறார் டாக்டர்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா ஹெட்போனை மாட்டிக்கொண்டு முழுசும் கேட்டாள். கழற்றினாள்.

‘நாலாவது அடியில ஒரு வார்த்தையை விட்டுட்டேன்டா. எங்க அம்மா இருந்தா திட்டியிருப்பா.’ கொஞ்சம் தயங்கினாள். ‘இப்ப இருக்கிற குரல்ல இன்னொரு தடவை எடுத்துக்கலாமா? நல்லா இருக்காதுதான்...’

நான் பதில் சொல்லவில்லை. எழுந்து போய், வீட்டுச் சாவியை எடுத்து ஃப்ரிட்ஜுக்குள் வைத்தேன்.